தஞ்ச அலுவலகங்களை நவீனமாக்கும் பொதுப்பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது?

கேள்வி இதுதான்: குடிவரவு, தஞ்சக் கோரிக்கை அலுவலகங்களை நவீனமாக்குகிறோம் என்று அரசுகள் கோடிக்கணக்கில் ஒதுக்குகின்றன. அந்தப் பொதுப்பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது? இவ்வளவு செலவழித்தும் ஒருவர் தன் முடிவுக்காக ஏன் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் மூன்று வழிகளில் வருகிறது: விண்ணப்பிப்பவர் கட்டும் கட்டணம், நாட்டின் ஆண்டு வரவு செலவுத் திட்டம், குறிப்பிட்ட காலத்துக்குத் திட்டம் திட்டமாகத் தரப்படும் சிறப்பு நிதி. மூன்றுக்கும் மூன்று குணம். எந்த வழியில் வருகிறது என்பதே எது புதிதாகும், எது பழையபடி கிடக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. கணினி, கைரேகைக் கருவி, கட்டடம் இவற்றுக்குப் பணம் ஓரளவு சுலபமாகக் கிடைக்கும். நேர்காணல் எடுத்து முடிவு எழுதும் அதிகாரிக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும், வழக்கறிஞருக்கும் வருடா வருடம் நிற்காமல் பணம் கிடைப்பதுதான் கஷ்டம். யானை வாங்கக் காசு இருக்கும், அங்குசத்துக்குத்தான் இருக்காது. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கான பதில் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

ஒரு தஞ்சக் கோரிக்கை போகும் பாதையைப் பார்த்தால் இது புரியும். ஒருவர் வந்து தஞ்சம் கேட்கிறார். அவருடைய பெயர், கைரேகை, புகைப்படம் பதிவாக வேண்டும். வேறு நாட்டில் ஏற்கெனவே கேட்டிருக்கிறாரா என்று தேட வேண்டும். தங்க இடமும் கையில் ஓர் அட்டையும் தர வேண்டும். அப்புறம் நேர்காணல்: அதற்கு அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், கதவைச் சாத்திப் பேச ஓர் அறை. அவர் சொல்லும் ஊரில் உண்மையில் என்ன நடக்கிறது என்று சரிபார்க்க நாட்டு நிலவரத் தகவல் வேண்டும். முடிவை ஒருவர் எழுத, இன்னொருவர் பார்க்க வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு, அதாவது நீதிபதி, வழக்கறிஞர், மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பாளர். இந்தச் சங்கிலியில் பதிவையும் தேடலையும் இயந்திரம் வேகப்படுத்தும். தனக்கு நடந்த சித்திரவதையைப் பற்றி ஒருவர் பேசும் மூன்று மணி நேரத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்க எந்த மென்பொருளாலும் முடியாது. மாணவர் விசா, சுற்றுலா விசா போன்றவை வேறு கதை. அங்கே பெரும்பாலும் ஆவணம்தான் பேசும் என்பதால் கணினியில் போடும் பணம் நேராகப் பலன் தரும். பல நாடுகளில் இரண்டையும் ஒரே அமைச்சகம் பார்ப்பதால், ஒன்றில் கிடைத்த வேகம் இன்னொன்றிலும் கிடைத்துவிடும் என்று மந்திரிகள் நம்பிவிடுகிறார்கள்.

கட்டணத்தில் ஓடும் அலுவலகத்துக்குத் தெளிவான உதாரணம் அமெரிக்கா. அங்கே குடியுரிமை, குடிவரவு சேவைத் துறையின் செலவில் சுமார் 96 சதவீதம் விண்ணப்பக் கட்டணத்திலிருந்தே வருகிறது. 1988-இல் அந்நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸ் இதற்கெனத் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கியது. வரி கட்டுபவர் மேல் சுமை ஏறுவதில்லை என்பதால் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் தஞ்சம் கேட்டவர் அண்மைக்காலம் வரை அதற்கு ஒரு காசும் கட்டியதில்லை. ஆக, கிரீன் கார்டுக்கும் வேலை விசாவுக்கும் கட்டணம் கட்டியவர்களின் பணத்தில்தான் தஞ்ச அதிகாரிகளின் சம்பளம் போனது. 2024 ஏப்ரல் 1 முதல் இதை ஒளிவுமறைவின்றியே செய்தார்கள். வெளிநாட்டு ஊழியரை அழைக்கும் நிறுவனம் ஒரு மனுவுக்கு 600 டாலர் ‘தஞ்சத் திட்டக் கட்டணம்’ சேர்த்துக் கட்ட வேண்டும். சிறு நிறுவனம் என்றால் 300. லாப நோக்கமற்ற அமைப்புக்கு விலக்கு.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் 2020-இல் வெளியே வந்தது. பெருந்தொற்றில் விண்ணப்பங்கள் குறைந்தன, கட்டணமும் குறைந்தது. ஏற்கெனவே பணம் வாங்கிக்கொண்ட லட்சக்கணக்கான கேஸ்கள் மேசையில் இருக்க, 13,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப் போவதாகத் துறை அறிவித்தது. காங்கிரஸிடம் 120 கோடி டாலர் கேட்டது. கடைசியில் ஆகஸ்டில் செலவுகளை வெட்டி அந்த முடிவைக் கைவிட்டார்கள். வேலை இருக்கிறது, செய்யப் பணம் இல்லை என்கிற இந்த நிலை கட்டணத்தை மட்டும் நம்பும் எந்த அலுவலகத்துக்கும் வரலாம். கட்டணம் விண்ணப்பிக்கும் நாளில் வருகிறது, செலவோ கேஸ் முடியும் வரை நீள்கிறது. 2022-ஆம் நிதியாண்டில் நிலுவையைக் குறைப்பதற்கென்றே வரிப்பணத்திலிருந்து 27.5 கோடி டாலர் தரவேண்டி வந்தது. கட்டணத்தாலேயே எல்லாம் ஓடும் என்ற கொள்கையில் அது ஓர் ஓட்டை. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் எதிர்த்திசையில் போனது: தஞ்சக் கோரிக்கைக்கே 100 டாலர், கேஸ் நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் இன்னொரு 100 டாலர். தாமதம் அரசுடையது, கட்டுவது காத்திருப்பவர். என்னால் இதை நியாயப்படுத்த முடியவில்லை.

பிரிட்டன் கட்டணத்தை இன்னொரு விதமாகப் பயன்படுத்துகிறது: பல விண்ணப்பங்களுக்கு ஆகும் செலவைவிட அதிகமாக வாங்கி, மிச்சத்தைக் குடிவரவுத் துறையின் மற்ற வேலைகளுக்குத் திருப்புகிறது. ஒரு குழந்தையைப் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவு செய்ய 1,012 பவுண்டு வாங்கிய காலத்தில் அதற்கான நிர்வாகச் செலவு 372 பவுண்டுதான். இது நீதிமன்றம் வரை போன விஷயம்.

சரி, அமெரிக்கா அந்தக் கட்டணப் பணத்தில் என்ன நவீனமாக்கியது? 2006 வாக்கில், காகிதத்தை விட்டு முழுக்கக் கணினிக்கு மாறுவது என்று முடிவெடுத்தார்கள். ‘எலிஸ்’ என்ற அந்த மின்னணு அமைப்பு 2012 மே மாதம் ஒரே ஒரு வகை விண்ணப்பத்தோடு தொடங்கியது. எல்லாத் தேவைகளையும் முன்கூட்டியே எழுதி, ஒரே பெரிய ஒப்பந்தமாகக் கொடுத்து, வருடங்கள் கழித்து மொத்தமாக வாங்கிக்கொள்வது என்கிற பழைய முறையில் கட்டியது அது. வந்தபோது மெதுவாகவும் குழப்பமாகவும் இருந்தது. அதை ஓரம்கட்டிவிட்டுச் சிறு சிறு துண்டுகளாகப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். 2011-இல் 210 கோடி டாலர் என்றிருந்த மதிப்பீடு 2015-இல், 2033 வரையிலான செலவாக, 310 கோடியானது. அதற்கு அடுத்த வருடம் துறையின் தலைமைத் தணிக்கையாளர் சொன்னது இன்னும் மோசம்: மூன்று வருடங்களில் குறைந்தது 19,000 கிரீன் கார்டுகள் தவறான விவரத்தோடோ இரட்டையாகவோ அச்சாகி வெளியே போயிருந்தன. இதற்கிடையே பழைய காகிதக் கோப்புகள் மிசூரி மாநிலத்தில் லீஸ் சம்மிட் என்ற ஊரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் அடுக்கிக் கிடந்தன, இன்னும் கிடக்கின்றன. பெருந்தொற்றில் அந்தக் கிடங்குகள் மூடப்பட்டபோது, குடியுரிமை கேட்டிருந்தவர்களின் கோப்பை எடுத்து அனுப்ப ஆள் இல்லாமல் கேஸ்கள் அப்படியே நின்றன. முன்பக்கம் இணையதளம், பின்பக்கம் குகை. பழைய கோப்புகளை ஸ்கேன் செய்வது கவர்ச்சியில்லாத, நீண்ட, ஆள் தேவைப்படும் வேலை. அதற்கு ரிப்பன் வெட்டு விழா கிடையாது.

இப்படி விழுந்தது அமெரிக்கா மட்டுமல்ல. பிரிட்டனின் குடிவரவு கேஸ் கணினித் திட்டம் 34.7 கோடி பவுண்டு விழுங்கிவிட்டு, எதிர்பார்த்ததில் சிறு பகுதியை மட்டும் தந்த நிலையில் 2013-இல் மூடப்பட்டது. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2014-இல் இதை அறிக்கையாகவே போட்டது. பொதுப்பணம் என்பதால்தான் இந்தக் கதைகள் நமக்குத் தெரிகின்றன.

அடுத்தது திட்ட நிதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குப் பெயர் அடைக்கலம், குடியேற்றம், ஒருங்கிணைப்பு நிதி. சுருக்கமாக அமிஃப் என்பார்கள். 2014–2020 காலத்துக்கு முதலில் சுமார் 313 கோடி யூரோவாக இருந்தது, 2021–2027 காலத்துக்கு 988 கோடி யூரோவாக உயர்ந்தது. இதில் 63.5 சதவீதம் உறுப்பு நாடுகளின் தேசியத் திட்டங்களுக்குப் போகிறது. மீதி 36.5 சதவீதம் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஆணையத்தின் கையில்; அவசர உதவி, மீள்குடியேற்றம், புதிதாக முளைக்கும் தேவைகள் ஆகியவற்றுக்கு அதிலிருந்து கொடுக்கிறார்கள். பொதுவாக ஒரு திட்டச் செலவில் 75 சதவீதம் வரை ஒன்றியம் தரும், மீதியை நாடு போட வேண்டும். சில வகை வேலைகளுக்கு 90 சதவீதம் வரை, அவசர உதவிக்கு 100 சதவீதமும் கிடைக்கும். நாடுகளுக்குப் பங்கு பிரிக்கும்போது தஞ்சக் கோரிக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. சட்டப்படி வந்து குடியேறியவர்கள், திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்கள் ஆகியோரின் எண்ணிக்கையும் கணக்கில் வருகிறது.

இந்த நிதியில் நல்லது நிறைய நடந்திருக்கிறது. வரவேற்பு மையங்கள், பதிவு அலுவலகங்கள், மொழிபெயர்ப்பாளர் சேவை, அதிகாரிகளுக்குப் பயிற்சி, துணையில்லாமல் வந்த சிறுவர்களுக்குக் காப்பாளர் என்று பலவற்றுக்குப் பணம் போயிருக்கிறது. சிறிய நாடுகளில் இது இல்லாவிட்டால் பாதி வேலை நடந்திருக்காது. சிக்கல் அதன் வடிவத்தில் இருக்கிறது. திட்டம் என்றால் தொடக்கத் தேதி உண்டு, முடிவுத் தேதி உண்டு. அலுவலகத்தை நடத்தும் வழக்கமான செலவுக்குத் தன் பங்கில் ஒரு சிறு வரம்பு வரை மட்டுமே ஒரு நாடு இந்த நிதியைப் பயன்படுத்தலாம். அதனால் அதிகாரிகள் இயல்பாகவே ‘திட்டமாக’ எழுதக்கூடிய விஷயங்களைத் தேடுகிறார்கள்: வாங்குவது, கட்டுவது, பயிற்சி கொடுப்பது. திட்டம் முடிந்த மறுநாள் அந்த மேசையில் யார் உட்காருவார் என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்தில் ஒரு பத்தியில் அடங்கிவிடும்.

கிரீஸ் இதற்கு நல்ல பாடம். அங்கே முன்பு தஞ்சக் கோரிக்கையைப் போலீஸ்தான் பார்த்தது. 2011 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பெல்ஜியம் ஓர் ஆப்கன் கோரிக்கையாளரை கிரீஸுக்குத் திருப்பி அனுப்பியது தவறு என்று தீர்ப்பளித்தது. கிரீஸின் நடைமுறை அவ்வளவு மோசம். அதே வருடம் தனித் தஞ்ச சேவைக்குச் சட்டம் வந்தது. 2013 ஜூனில் அது வேலையைத் தொடங்கியது. ஒன்றியத்தின் நிதியும், மால்டாவில் இருக்கும் ஐரோப்பிய தஞ்ச முகமை அனுப்பிய நிபுணர்களும் இல்லாமல் அது எழுந்திருக்காது. ஆனால் 2014 முதல் பல வருடங்கள், பதிவுக்கு நாள் வாங்க ஸ்கைப்பில் அழைக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் வாரத்தில் சில மணி நேரம் மட்டும். எடுக்கப் போதிய ஆள் இல்லை. வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், அடித்துக்கொண்டே இருந்தார்கள். பதிவாகாதவரை அவர்கள் காகிதமில்லாதவர்கள், எந்த நேரமும் கைதாகலாம். பார்க்க நவீனம்தான். வரிசை மட்டும் அலுவலக வாசலிலிருந்து திரைக்குள் போய்விட்டது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

அதே நாட்டில் தீவு முகாம்களில் ‘கென்டார்’, ‘ஹைப்பீரியன்’ என்ற கண்காணிப்பு, நுழைவுக் கட்டுப்பாட்டு அமைப்புகளை நிறுவவும் ஒன்றியப் பணம் வந்தது. தரவுப் பாதுகாப்புக்கான மதிப்பீட்டை ஒழுங்காகச் செய்யவில்லை என்று கிரீஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் குடியேற்ற அமைச்சகத்துக்கு 1,75,000 யூரோ அபராதம் போட்டது. கேமராவுக்கும் கதவுக்கும் பணம் ஒழுங்காக வந்தது. சட்டப்படி முதலில் செய்ய வேண்டிய காகித வேலைக்கு நேரம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றியத்தின் புதிய குடியேற்ற, தஞ்ச ஒப்பந்தம் 2024-இல் நிறைவேறியது; பொருந்தும் தேதி 2026 ஜூன் 12. எல்லையில் செய்யும் தஞ்ச நடைமுறை 12 வாரத்துக்குள் முடிய வேண்டும், ஒன்றியம் முழுக்க எந்த நேரமும் 30,000 பேருக்கு அதற்கான வசதி தயாராக இருக்க வேண்டும், முதல் கட்டத்திலேயே இலவச சட்ட ஆலோசனை வேண்டும் என்கிறது. 2003 முதல் ஓடும் யூரோடாக் கைரேகைத் தளத்தையும் அது மாற்றுகிறது: முகப்படமும் சேரும், இதுவரை 14 வயதிலிருந்து எடுத்த கைரேகையை இனி 6 வயதிலிருந்தே எடுப்பார்கள். இதில் யூரோடாக் ஒரு கணினித் திட்டம். பணமும் காலக்கெடுவும் சுலபமாக எழுதலாம். இலவச ஆலோசனை என்பது ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மொழியிலும், ஒவ்வொரு எல்லைச் சாவடியிலும் ஆள் நிற்க வேண்டிய விஷயம். எது நேரத்துக்கு வரும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் தயங்க மாட்டேன்.

மூன்றாவது வழி, நேரடியாக வரவு செலவுத் திட்டம். கனடாவை எடுத்துக்கொள்வோம். 1985 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், தஞ்சம் கேட்பவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானால் அவரை நேரில் உட்கார வைத்துக் கேட்காமல் தீர்மானிக்கக் கூடாது என்றது. அதன் விளைவாக 1989 ஜனவரி 1 முதல் குடிவரவு, அகதிகள் வாரியம் என்ற தனி அமைப்பு வந்தது. ஒரு தீர்ப்பு, நிரந்தரமான ஒரு செலவை உருவாக்கியது. 2012-இல் கொண்டுவந்த சீர்திருத்தம் விசாரணைகளுக்கு 60 நாள் போன்ற கெடுக்களை வைத்தது. ஆனால் நிதியை நிலையான ஓர் எண்ணிக்கைக்கு ஒதுக்கிவிட்டார்கள். வரவு திடீரென்று கூடியபோது நிதி கூடவில்லை. 2019-இல் தலைமைத் தணிக்கையாளர் பார்த்தபோது, சுமார் 65 சதவீத விசாரணைகள் முடிவுக்கு முன் ஒரு தடவையாவது தள்ளிப்போயிருந்தன. கோரிக்கைகள் அதே வேகத்தில் வந்தால் 2024-இல் காத்திருப்பு ஐந்து வருடமாகும் என்று எச்சரித்தார். ஒரு கேஸைச் சேர்ந்து பார்க்கும் மூன்று அமைப்புகள் அப்போதும் காகிதத்தையும் ஃபேக்ஸையும் நம்பியிருந்தன. தள்ளிப்போன விசாரணை ஒவ்வொன்றும் இரட்டைச் செலவு: மொழிபெயர்ப்பாளர் மறுபடி வர வேண்டும், பாதுகாப்புச் சோதனை காலாவதியாகிவிடும், மறுபடி செய்ய வேண்டும். 2021 வரவு செலவுத் திட்டத்தில் பழைய கேஸ் மேலாண்மை அமைப்புக்குப் பதிலாகப் புதிய தளம் கட்ட ஐந்து வருடங்களுக்கு 42.89 கோடி கனடிய டாலர் ஒதுக்கினார்கள். தேவைதான். ஆனால் 2019-இல் தணிக்கையாளர் சுட்டிய நோயில் பாதி, நிதி வளைந்து கொடுக்காததால் வந்தது. தளம் அதைத் தீர்க்காது.

தாமதத்தின் விலை எவ்வளவு என்று கேட்டால் பிரிட்டனைக் காட்டுவேன். முடிவெடுக்கும் அதிகாரிகள் போதாமல் கேஸ்கள் தேங்க, காத்திருப்பவர்களை ஹோட்டல்களில் தங்க வைத்தார்கள். 2023–24-இல் ஹோட்டலுக்கு மட்டும் 300 கோடி பவுண்டுக்கு மேல், அதாவது நாளுக்கு 80 லட்சம் பவுண்டுக்கும் அதிகம். இந்தச் செலவின் ஒரு பெரிய பகுதி வெளிநாட்டு உதவி நிதியிலிருந்து போனது என்பது பலருக்குத் தெரியாது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் விதிகளின்படி, அகதி ஒருவர் வந்த முதல் 12 மாதச் செலவை உதவிக் கணக்கில் எழுதலாம். 2023-இல் பிரிட்டனின் உதவி நிதியில் 28 சதவீதம், 430 கோடி பவுண்டு, இப்படி நாட்டுக்குள்ளேயே செலவானது. உள்துறையின் தாமதத்துக்கு ஏழை நாடுகளின் மருத்துவமனைத் திட்டம் விலை கொடுத்தது என்றால் மிகையில்லை. அப்புறம் 2023-இல் அதிகாரிகளை 2,500 ஆக உயர்த்தி, வேகவேகமாக முடிவெழுத வைத்தார்கள். நிலுவை இறங்கியது. ஆனால் மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். தீர்ப்பாயத்தில் தேங்கிய தஞ்ச மேல்முறையீடுகள் 2025 மார்ச் வாக்கில் 50,000-ஐத் தாண்டின. தீர்ப்பாயம் வேறு துறை, வேறு நிதித் தலைப்பு.

ஜெர்மனியிலும் இதேதான், இன்னும் பெரிய அளவில். 2016-இல் மட்டும் 7,45,000-க்கு மேல் தஞ்ச விண்ணப்பங்கள். கூட்டாட்சி அலுவலகம் ஊழியர் எண்ணிக்கையைச் சுமார் ஒன்றரை வருடத்தில் பல மடங்காக்கியது. பதிவு, மருத்துவச் சோதனை, நேர்காணல் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்க வருகை மையங்கள் வந்தன. ஒரே ஆளை நாலு அலுவலகம் நாலு தடவை பதிவு செய்யும் கூத்தை, பொதுத் தரவுத்தளமும் வருகைச் சான்றும் நிறுத்தின. இவையெல்லாம் உண்மையான முன்னேற்றம். பணம் வேலை செய்தது. ஆனால் புது அதிகாரிகளுக்குப் பயிற்சி சுருக்கம். 2017-இல் ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரி தன்னைச் சிரிய அகதி என்று பதிவு செய்து பாதுகாப்பும் பெற்றிருந்தது தெரியவந்தது. அவருக்கு அரபி தெரியாது, நேர்காணல் பிரெஞ்சில் நடந்திருந்தது! அவசரத்தில் எழுதிய மறுப்புகள் நீதிமன்றத்துக்குப் போய், 2017 முடிவில் நிர்வாக நீதிமன்றங்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் தஞ்ச வழக்குகள் நிலுவையில் நின்றன. கைப்பேசியை வாங்கித் தரவை எடுத்துப் படிக்கும் கருவிகளுக்கும் பணம் போட்டார்கள். வேறு மென்மையான வழிகளைப் பார்க்காமல் வழக்கமாகவே அப்படிச் செய்தது சட்டவிரோதம் என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சொன்னது.

அப்படியானால் யார் ஒழுங்காகச் செய்தார்கள்? குறைகளோடு, சுவிட்சர்லாந்து என்பேன். அவர்கள் முதலில் 2014 ஜனவரியில் சூரிச்சில் ஒரு சோதனை மையம் திறந்து பார்த்தார்கள். 2016 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தது. 2019 மார்ச் 1 முதல் நாடு முழுக்க, ஆறு வட்டாரங்களில். அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், சட்டப் பிரதிநிதி எல்லோரும் ஒரே மையத்தில் அல்லது பக்கத்தில். துரித நடைமுறை அதிகபட்சம் 140 நாள். முக்கியமானது, முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் அரசு செலவில் சட்டப் பிரதிநிதி. வக்கீல் வந்தால் இழுத்தடிப்பார் என்றுதான் வழக்கமான பயம். வக்கீல் முதலிலேயே இருந்தால் ஆவணம் முன்கூட்டியே வருகிறது, நேர்காணலில் விட்டுப்போனது அங்கேயே சரியாகிறது, ஜெயிக்காத கேஸ் என்றால் அவரே சொல்லிவிடுகிறார். இதற்குப் பணத்தை, கேஸுக்கு இவ்வளவு என்று தொகையாக, தொண்டு நிறுவனங்களுக்குக் கூட்டாட்சி கொடுக்கிறது. ஆண்டுதோறும் ஓடும் செலவு அது, திட்டம் அல்ல. அதே வருடம் அங்கீகாரம் பெற்றவர்களின் மொழி, வேலைப் பயிற்சிக்காக மாநிலங்களுக்குத் தரும் தொகையை ஒருவருக்கு 6,000 பிராங்கிலிருந்து 18,000 ஆக்கினார்கள். விமர்சனமும் இருக்கிறது: தொடக்கத்தில் வேகம் அதிகமாகி, உடல்நலத் தகவலைச் சரியாக விசாரிக்காத கேஸ்களை நீதிமன்றம் திருப்பி அனுப்பியது, கேஸுக்கு இவ்வளவு என்ற தொகை, கடினமான கேஸில் வக்கீலைச் சீக்கிரம் கைகழுவத் தூண்டுகிறது என்கிறார்கள். நியாயமான குறை. ஆனாலும் பணத்தைப் பாதையின் முன்பகுதியில் போட்டவர்கள் இவர்கள்.

செயற்கை நுண்ணறிவு எல்லாம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: பிரிட்டன் விசா விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்க ஒரு கருவி வைத்திருந்தது, அதில் நாட்டினமும் ஒரு காரணி. வழக்கு போட்டதும் 2020 ஆகஸ்டில் அதை நிறுத்திவிட்டார்கள். வழக்குக்குப் பிறகு கைவிட்ட நவீனம்.

பணக்கார நாடுகளைத் தாண்டினால் படம் வேறு. பல நாடுகளில் தஞ்சக் கோரிக்கையை அரசு பார்ப்பதே இல்லை, ஐ.நா. அகதிகள் ஆணையம்தான் பார்க்கிறது. அதற்கு வரும் பணம் பெரும்பாலும் நாடுகள் விருப்பப்பட்டுத் தருவது. எந்த வருடமும் குறையலாம். 2025-இல் குறைந்தது. அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் நிதியைக் குறைக்க, ஆணையம் சுமார் 3,500 பணியிடங்களை வெட்டுவதாக அறிவித்தது. எகிப்து 2024 இறுதியில் தன் முதல் தஞ்சச் சட்டத்தை நிறைவேற்றிப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அப்படி மாறும் நாட்டுக்கு முதல் பத்து வருடச் சம்பளச் செலவுக்கு யார் உறுதி தருவார் என்பது கருவிகளைவிடப் பெரிய கேள்வி.

இனி நீங்கள் எங்காவது ‘தஞ்ச சேவை நவீனமாக இத்தனை கோடி’ என்று படித்தால், தொகையை விடுங்கள். எத்தனை வருடத்துக்கு, அதில் சம்பளம் எவ்வளவு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் பங்கு உண்டா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடு என்றால் இது கஷ்டமில்லை. அமிஃப் பணம் வாங்கிய திட்டங்களின் பட்டியலை, வாங்கியவர் பெயர், தொகை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதியோடு ஒவ்வொரு நாடும் இணையத்தில் போட்டு, நான்கு மாதத்துக்கு ஒரு தடவையாவது புதுப்பிக்க வேண்டும் என்பது 2021 விதி. அந்த முடிவுத் தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த வருட தேசிய வரவு செலவுத் திட்டத்தில் அதே வேலைக்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்த அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர்களின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.